மூத்தோர் தவில் சமா: தெட்சணாமூர்த்தி வழியை மேடையில் கேட்க என்னென்ன வேண்டும்?

வாசிகசாலை_முன்றல்
மாசியில் ஒரு பின்னேரம், எங்கள் வாசிகசாலை ஒழுங்குபண்ணுகிற சமா (கச்சேரி). தவில் நாலு பேர், நாலு பேரும் 70 தாண்டியவர்கள். நாதஸ்வரம் இரண்டு, தாளம் ஒன்று. தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பு வழியை, அந்த வழியைக் கையில் வைத்திருக்கிற ஆக்களைக் கொண்டே இரண்டு மணித்தியாலம் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கேள்விகள் நாலு. மூடிய மண்டபமா, கோயில் வீதியா? மைக் எத்தனை? தனி (தவில் மட்டும் வாசிக்கிற பகுதி) எவ்வளவு நேரம்? பழைய கசற்றில் இருக்கிற கோர்வையை (முடிவுக்கு வைக்கிற தாளக் கணக்கை) அப்படியே வாசிக்கச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

கார்வை
கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குவோம், மற்ற மூன்றும் அதில்தான் தொங்குகின்றன.

"அப்படியே வாசியுங்கோ" என்று கேட்டால் உங்களுக்கு ஒரு மனப்பாடம்தான் கிடைக்கும். அவர் வழி என்பது தனிக் கோர்வைகளின் பட்டியல் இல்லை. தகப்பனார் விசுவலிங்கத்தின் தவிலும், நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் போய்க் கற்றதும் சேர்ந்து இறங்கிய கை அது. அந்தக் கையின் அடையாளம் கணக்கை எப்படி நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். ஆதி தாளம், சதுஸ்ர நடை (அட்சரத்துக்கு 4 மாத்திரை), ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. "ததிகிணதொம் ததிகிணதொம்" என்ற 10 மாத்திரைச் சொல்லை மூன்று தரம் வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (அடி விழாத இடைவெளி) விட்டால் 30 + 2 = 32. சமத்தில், தாளம் தொடங்குகிற இடத்தில், வந்து விழும். பல்லவியின் எடுப்பு (பல்லவி தொடங்குகிற இடம்) சமம் தாண்டி அரை இடத்தில், அதாவது 2 மாத்திரை தள்ளி என்றால் 34 வேண்டும். பழக்கம் குறைந்தவர் சொல்லை மாற்றப் பார்ப்பார். அனுபவக்காரர் சொல்லைத் தொடமாட்டார், கார்வையை ஒன்றில் இருந்து இரண்டாக்குவார்: 30 + 4. ஒன்றரை இடத்தில் எடுப்பு என்றால் 38. அப்போதும் அதே சொல்தான், கார்வை நாலு.

கேட்கிறவர் கவனிக்க வேண்டியது அந்த வெற்றிடத்தை. வயதான கைக்கு வேகம் குறையும், அது இயற்கை. ஆனால் கார்வையின் நீளம் துல்லியமாக இருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். அடி நிறைய விழுந்து கார்வை குறுகினால் அங்கே இருப்பது வேகம் மட்டும்தான்.

ஆகவே கோர்வையைக் குறித்துக் கொடுக்காதீர்கள். தாளத்தையும் எடுப்பையும் முன்கூட்டியே சொல்லுங்கள், மற்றதை அவர்களிடம் விடுங்கள்.

சீவாளி
கார்வை சொன்னது சரி. ஆனால் எல்லாரும் தவிலைப் பற்றியே கதைக்கிறோம். தனிக்கு இருக்கை போட்டுக் கொடுப்பது நாதஸ்வரம். அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) போன்றவர்களின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அந்தத் தவிலுக்கு முழு அர்த்தம். பல்லவி ஒழுங்காக விழாத மேடையில் எந்தத் தவில்காரரும் வெறும் கணக்குத்தான் காட்டலாம்.

செய்ய வேண்டியவை:

சுருதியை முதலில் பேசி முடியுங்கள். இரண்டு நாதஸ்வரமும் பாரி (நீளமான, தாழ்ந்த சுருதி நாதஸ்வரம்) என்றால் 2 அல்லது 2½ கட்டை. ஒருவர் 2, மற்றவர் 2½ கொண்டு வந்தால் மேடையில் ஒன்றும் செய்ய ஏலாது. மெழுகு வைத்துத் துளையைக் குறைத்தோ சீவாளியை (வாயில் வைத்து ஊதுகிற பகுதியை) சற்று உள்ளே தள்ளியோ சரிக்கட்டுவது சின்ன வித்தியாசத்துக்குத்தான், அரைக் கட்டைக்கு இல்லை. சுருதிப்பெட்டியை அதே கட்டையில் வைத்து முதல் நாளே ஒருக்கால் ஊதிப் பார்க்கட்டும்.

மூத்த நாதஸ்வரக்காரர் என்றால் முன்பல்லைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பல் போனால் உதட்டின் பிடி தளரும், மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்கு மேலே நிலைக்காது. அவருக்கு நீண்ட ஆலாபனையை மத்திய ஸ்தாயியில் விட்டுவிட்டு, மேலே போகிற வேலையை இளையவரிடம் கொடுத்தால் இரண்டும் அழகாக வரும். இதை அவரிடம் நேரே சொல்லக் கூடாது. "ஐயா, நீங்கள் தோடியை ஆறுதலாகப் பிடியுங்கோ, தம்பி பின்னால் வருவார்" என்றால் போதும்.

சீவாளி கொறுக்கை நாணலில் செய்வது. நனைந்து பதம் வர நேரம் எடுக்கும். அறிவிப்பாளர் "இதோ ஆரம்பம்" என்று சொல்லி விட்டுப் பிறகு 20 நிமிடம் பேசினால் வாயில் பதப்படுத்தி வைத்த சீவாளி காய்ந்து போகும். முதல் பாட்டு பிசிறடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சவுண்ட்_தட்டாதெரு
மைக் பற்றி எழுதுகிறேன்.

தவில் தானாகவே சத்தமான வாத்தியம். 300 கதிரை வரை மூடிய மண்டபத்தில் தவிலுக்கு மைக் பேருக்குத்தான். கெடுதல் வருவது வேறு இடத்தில், பார்த்த வழக்கத்தில் தூரத் தூரக் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரால்.

கணக்குப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலத்தில் சங்கீர்ண நடை என்றால் அட்சரத்துக்கு 9 அடி, விநாடிக்கு 9 அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் 0.11 விநாடி. அந்த நேரத்தில் சத்தம் 39 மீற்றர் போகும். வீதியின் அந்தத் தொங்கலில் 39 மீற்றருக்கு அப்பால் ஒரு ஸ்பீக்கர் இருந்தால், மேடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஸ்பீக்கரின் அடி சரியாக அடுத்த அடியின் மேலே வந்து விழும். பிறகு ஒன்பது என்ன, பதினெட்டு என்ன, எல்லாம் கூழ். கார்வை சொன்ன வெற்றிடமும் நிரம்பிப் போகும்.

ஆகவே ஸ்பீக்கர் மேடைக்கு இரு பக்கமும் மட்டும். தூரத்தில் கட்டாயம் வேண்டும் என்றால் டிலே (சத்தத்தைச் சற்றுப் பிந்தி விடுகிற வசதி) வைத்துக் கட்டுங்கள்: ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய 29 மில்லிவிநாடி. மிக்சரில் எக்கோவும் ரிவேப்பும் முழுதாக நிறுத்தம். பாட்டுக் கச்சேரிக்குப் பழகிய பொடியன்கள் கை வைக்கும் முதல் குமிழ் அதுதான், அதற்கு மேலே ஒரு நாடா ஒட்டி விடுங்கோ.

மைக் வைக்கும் இடம். தவில்காரர் நாலு பேரும் நடுவைப் பார்த்து அமர்ந்தால், பார்வையாளரின் இடது கைப் பக்கம் இருப்பவர்களின் வலந்தலை (விரல் கூட்டோடு வலக்கை வாசிக்கிற முகம்) சபையைப் பார்க்கும். வலது கைப் பக்கம் இருப்பவர்களின் வலந்தலை மேடைப் பின்சுவரைப் பார்க்கும், தொப்பிதான் (கம்பால் அடிக்கிற முகம்) சபைக்கு. இதை மறந்து நாலு மைக்கையும் முன்னால் வைத்தால் ஒரு பக்கம் முழுக்கச் சுள்ளென்று விரல், மறுபக்கம் முழுக்கத் தொம். வலது பக்க இரண்டு தவிலுக்கும் ஒரு மைக்கைப் பின்பக்கம் கொண்டு போங்கள். தோலில் இருந்து ஒரு சாண் தள்ளி, சாதாரண டைனமிக் மைக். கொண்டென்சர் வேண்டாம், கிட்ட வைத்தால் தாங்காது.

நாதஸ்வரத்துக்கு அணசின் (கீழ்நுனிக் கூம்பின்) வாய்க்கு நேரே வைக்காதீர்கள். சத்தம் விரல் துளைகளில் இருந்தும் வருகிறது. ஒரு மீற்றர் தள்ளி, துளைக்கும் அணசுக்கும் நடுவே, சற்று மேலே இருந்து பார்க்கிற மாதிரி.

தாளக்காரருக்கு மைக் வேண்டாம்.

மேற்குவீதி
மைக்கே வேண்டாம் என்பது என் பக்கம். கோயில் மேற்கு வீதியில் மணலுக்கு மேலே, தகரம் போடாத கிடுகுக் கொட்டகைக்குள், இரவு 9 மணிக்குப் பிறகு காற்று அடங்கினால் 40 யார் வரை தொப்பியின் நாதம் சுத்தமாக வரும். மண்டபத்தில் கேட்பது அடியின் சுவர் எதிரொலியை. வீரசிங்கம் மண்டபம் மாதிரிக் கட்டிடம் நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் வசதி, பெரியமேளத்துக்கு (தவில், நாதஸ்வரத்துக்கு) வீதிதான்.

இன்னொன்று. "அஞ்சலி" என்று போட்டதும் மேடை ஏறுகிற பேச்சாளர் பட்டியலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பொன்னாடை நாலு பேருக்கு, மாலை நாலு பேருக்கு, பாராட்டுரை மூன்று, நன்றியுரை ஒன்று. வித்துவான்கள் தவிலைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கௌரவிப்பு எல்லாம் தனி முடிந்த பிறகு வையுங்கள். அப்போது சனம் போய்விடும் என்று பயமா? போகட்டும், கேட்க வந்தவர்கள் கேட்டுவிட்டார்கள்.

சவுண்ட்_தட்டாதெரு
மேற்குவீதி, வீதி பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் 70 வயதுக் கைக்கு மைக் ஒரு உதவியும்தான். மைக் இல்லை என்றால் அவர் பின்வரிசைக்காகப் பலமாக அடிப்பார், பத்து நிமிடத்தில் தோள் இறங்கிவிடும். மைக் இருந்தால் மெல்ல வாசிக்கலாம், சொல் தெளிவாக வரும். மண்டபம் என்றால் பின்சுவரில் தடித்த திரைத்துணி தொங்கவிட்டாலே எதிரொலி நன்றாகக் குறையும்.

பூவரசங்கம்பு
தவிலைப் பற்றி.

இந்த வயதுக்காரர்கள் இரண்டு விதமான தவிலோடு வருவார்கள். ஒன்று பழைய முறை: பலாக்கட்டை, வளையம், தோல் வார் போட்டு இழுத்தது. மற்றது இரும்பு வளையமும் நட்டும் போட்டது, ஸ்பனரால் இறுக்குவது. இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால் என்ன நடக்கும் என்றால், நட்டுத் தவில் கூட இறுக்கத்தைத் தாங்கும், வலந்தலை உச்சத்தில் சுள்ளென்று நிற்கும், பக்கத்தில் வார்த் தவில் மந்தமாகக் கேட்கும். அதை எட்டிப் பிடிக்கப் பழைய தவிலை அளவுக்கு மேல் இழுத்தால் தோல் கிழியும், இல்லாவிட்டால் தொப்பியின் நாதம் செத்துப்போகும்.

என் கருத்து: இந்தச் சமாவுக்கு நாலும் வார்த் தவிலாக இருக்கட்டும். 1975க்கு முந்திய நாதம் அந்த இறுக்கத்தில் பிறந்தது. ஏலாவிட்டால் நாலும் நட்டுத் தவில், ஆனால் வலந்தலையை வழமையை விடச் சற்று இறக்கி வையுங்கள். கலப்பு மட்டும் வேண்டாம்.

வார்த் தவிலை இழுக்க இரண்டு பேர் வேண்டும், அதை அன்றைக்குப் பின்னேரம் செய்யக் கூடாது. முதல் நாள் இழுத்து, ஒரு இரவு விட்டு, காலையில் மறுபடி பார்க்க வேண்டும். தோல் தளர்ந்து கொடுக்கும். மாசி நல்ல தெரிவு, ஐப்பசி கார்த்திகை மழையில் வலந்தலை நிற்காது. ஆனால் மாசியின் இரவுப் பனியை மறக்காதீர்கள். திறந்த வீதியில் 10 மணிக்குப் பிறகு பனி இறங்கினால் தோல் ஈரம் பிடித்துச் சுதி இறங்கும். மேற்குவீதியின் யோசனையில் எனக்கு இருக்கிற ஒரே தயக்கம் அது. பகலில் வெயிலில் வைத்து எடுத்த தவிலை நேரே ஏசி மண்டபத்துக்குள் கொண்டு போவதும் அதே கேடு. அரை மணித்தியாலமாவது அந்த அறையில் கிடக்கட்டும்.

விரல் கூடு: துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைப்பது, அவரவர் விரலுக்கு மட்டும் பொருந்தும். வயது போக விரல் மெலியும், பழைய கூடு கழன்று ஓடும். இரண்டு மூன்று நாள் முன்பே புதிதாகச் செய்யச் சொல்லி நினைவூட்டுங்கள். தொப்பிக் கம்பு பூவரசு, மேலதிகமாக இரண்டு மேடையில் இருக்கட்டும்.

கார்வை
கலப்பு வேண்டாம் என்பதோடு உடன்படுகிறேன். ஆனால் 70 தாண்டியவரிடம் போய் "உங்கள் தவிலை மாற்றுங்கோ" என்று சொல்லவும் கூடாது. கை அந்த எடைக்கும் இறுக்கத்துக்கும் பழகியது. மூன்று பேர் நட்டுத் தவில் என்றால் நாலாவது ஆளும் தன் வசதிக்கு வரட்டும். நாதம் இரண்டாம் பட்சம், கை முதலாவது.

பூவரசங்கம்பு
அதில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாதம் இல்லாமல் கணக்கு மட்டும் வேண்டும் என்றால் மேசையில் தட்டியும் காட்டலாம்.

கசற்_பெட்டி
கசற் பக்கம் நான் வருகிறேன். கோர்வையை ஒப்பிக்கக் கேட்காவிட்டாலும், பழைய பதிவை வித்துவான்களுக்குப் போட்டுக் காட்டி நினைவைத் தட்டுவது நல்லதுதான். ஆனால் வேகம் சரியான பிரதியைப் போடுங்கள்.

றீலில் இருந்து கசற்றுக்கு, கசற்றில் இருந்து சீடிக்கு, சீடியில் இருந்து கைத்தொலைபேசிக்கு என்று இறங்கிய பதிவுகளில் வேகம் மாறி இருப்பது சாதாரணம். 6 வீதம் வேகம் கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறும். 2 கட்டை நாதஸ்வரம் 2½ கட்டையாகக் கேட்கும். தவில் இன்னும் வேகமாகத் தெரியும். "அந்தக் காலத்து வேகம் இன்றைக்கு ஒருவருக்கும் வராது" என்று சொல்கிற சில பதிவுகளில் கொஞ்சம் மோட்டாரின் வேகமும் சேர்ந்திருக்கும்.

சோதிக்க ஒரு வழி: மின்சாரத்தில் ஓடிய றெக்கோடர் என்றால் பதிவின் அடியில் மெல்லிய உறுமல் இருக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். கணினியில் ஸ்பெக்ரம் பார்க்கும் மென்பொருளில் அந்த உறுமல் 50இலும் 100இலும் நின்றால் வேகம் சரி. 53இல் நின்றால் 6 வீதம் கூட, அந்த அளவுக்குக் குறையுங்கள். கவனம்: கோயிலில் லைட் எஞ்சினில் (ஜெனரேற்றரில்) ஓடிய பதிவு என்றால் அந்த எஞ்சினே 50இல் நின்றிருக்காது. பிரதி எடுத்த இடத்தின் உறுமலும் மேலே ஏறி இருக்கும், இரண்டு கோடு தெரிந்தால் மெல்லியதைத்தான் நம்ப வேண்டும் என்றும் இல்லை. அப்படியானால் உறுமலை விட்டு நாதஸ்வரத்தின் ஆதார ஷட்ஜத்தைப் பாருங்கள். 2 கட்டைக்கும் 2½ கட்டைக்கும் நடுவில் தொங்கினால் வேகம் பிழைத்திருக்க இடமுண்டு.

வாசிகசாலை_முன்றல்
மெத்தப் பெரிய உதவி. இன்னும் இரண்டு கேள்வி. நாலு தவில் என்றால் குறைப்பு (முறை வைத்துச் சுருக்கிக்கொண்டு போகிற வாசிப்பு) எப்படிப் போகும், நேரம் எவ்வளவு? வேகம் குறைந்த மூத்தவர் சங்கீர்ணத்தில் பின்தங்கினால் சபையில் அவமானம் ஆகிவிடாதா?

கார்வை
நாலு பேர் சுற்று. முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், அடுத்ததில் ஒன்று, பிறகு அரை, பிறகு கால். கூட்டினால் 8 + 4 + 2 + 1 = 15 ஆவர்த்தனம். ஆதி, ஒரு களை, நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் ஆவர்த்தனம் 8 விநாடி, குறைப்பு முழுவதும் 2 நிமிடம்தான். இரு களை (தாளம் இரண்டு மடங்கு ஆறுதல்) என்றால் 4 நிமிடம். நேரம் பிடிப்பது குறைப்பு இல்லை, அதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே வாசிப்பது. ஆளுக்கு 5 நிமிடம், குறைப்பு, பிறகு எல்லாரும் சேர்ந்து மோராவும் (மூன்று தரம் வருகிற முடிப்பு) கோர்வையும்: 30 நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் நீட்டினால் கடைசிக் கோர்வையில் கை நடுங்கும். சபைக்கு நினைவில் நிற்பதோ கடைசிக் கோர்வை.

இடம் வைப்பது முக்கியம். சுற்றின் முதல் ஆள் நடையைத் தீர்மானிக்கிறார், கடைசி ஆள் சுற்றை மூடுகிறார். மிகவும் மூத்தவரை முதலில் வையுங்கள். அவர் திஸ்ரத்தை (மூன்றின் நடையை) எடுத்தால் எல்லாரும் திஸ்ரம்தான், சங்கீர்ணத்துக்கு ஒருவரும் அவரை இழுக்க முடியாது. நல்ல கை உள்ள மற்ற மூத்தவர் கடைசியில்.

அவமானம் பற்றி: காலப்பிரமாணத்தை இறக்கினால் அந்தக் கேள்வியே இல்லை. 60ஐ 40 ஆக்குங்கள், சங்கீர்ணம் விநாடிக்கு 6 அடி. 60இலேயே நின்றாலும் ஒன்பதை இரண்டு அட்சரத்துக்குப் பரப்பிக் கீழ்க்காலத்தில் வாசித்தால் விநாடிக்கு 4½ அடி. கீழ்க்காலத்தில் ஒன்பதைச் சிதறாமல் நிறுத்துவது மேல்காலத்தில் ஓடுவதை விடக் கடினம், தெரிந்தவர்கள் அதற்குத்தான் தலையாட்டுவார்கள். ஆனால் காலத்தைத் தீர்மானிப்பது பல்லவியில் நாதஸ்வரம். ஆகவே அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பல்லவி ஓடத் தொடங்கிய பிறகு தவில்காரர் காலத்தை இறக்க முடியாது.

சீவாளி
அதோடு தொடக்கம். கம்பீரநாட்டையில் மல்லாரி (பாட்டுச் சொல் இல்லாத தொடக்க உருப்படி), மூன்று காலமும் திஸ்ரமும். அதிலேயே நாலு தவிலின் கையும் சூடேறும். பிறகு ஒரு கீர்த்தனை, சின்னது. அதன் பிறகு நேரே ராகம், பல்லவி, தனி. துக்கடாவும் சினிமாப் பாட்டும் தனிக்குப் பிறகு கேட்பார்கள். வாசிப்பது வித்துவான்களின் விருப்பம், ஒழுங்குபண்ணுகிறவர் சீட்டு அனுப்பக் கூடாது.

இடையில் சுடுநீரும் கற்கண்டும் வையுங்கள். நாதஸ்வரக்காரருக்குப் பால் கலந்த தேநீர் வேண்டாம், சளி கட்டும் என்று பலர் தொடமாட்டார்கள்.

மேற்குவீதி
தாளக்காரர் யார்? இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வாசிகசாலை_முன்றல்
ஒரு வித்துவானின் பேரன், 17 வயது. நன்றாகப் போடுவார்.

மேற்குவீதி
நன்றாகப் போடுகிறவர் தவிலைக் கேட்டுக்கொண்டு போடுவார், அதுதான் ஆபத்து. கார்வையில் தவில் நிற்கும்போது அவர் கையும் ஒரு மயிரிழை நிற்கும். நாலு பேர் சுற்றி வரும்போது அந்த மயிரிழை சேர்ந்து கால் அட்சரம் ஆகும், கடைசிக் கோர்வை இடம் தாண்டி விழும், பழி மூத்தவருக்குப் போகும். ஒரு கிழமைக்கு அவருக்குத் தினமும் அரை மணித்தியாலம், 40இலும் 60இலும், பக்கத்தில் ஒருவர் வேண்டுமென்றே இடம் தவறி வாசிக்க, தாளம் அசையாமல் போடப் பழக்குங்கள். மேடையில் அவரை நடுவில், நாலு தவில்காரரும் அவர் கையைப் பார்க்கக் கூடிய இடத்தில் வையுங்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

வாசிகசாலை_முன்றல்
சரி. இடம் இன்னும் முடிவாகவில்லை. வீதி என்றால் பனிக்கு முன் 8½ மணிக்குத் தனி முடிகிற மாதிரி, 6½க்கு மல்லாரி. மண்டபம் என்றால் பின்சுவருக்குத் துணி. தவில் விஷயத்தை நாலு ஐயாமாரிடமும் நேரில் போய்க் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

பூவரசங்கம்பு
போகும்போது வெற்றிலை பாக்கு கொண்டு போங்கோ. வார்த் தவில் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கோ, கொண்டு வரச் சொல்லாதேங்கோ. இருந்தால் அவர்களே கொண்டு வருவார்கள்.